ரூபாய்க்கு ஆறு தம்பிடி

பொது நூலக வரலாறு – தொடர்

1933ஆம் ஆண்டில் வங்காள விரிகுடாவின் இரு புறங்களிலும் நூல் வாசிப்பு அரசின் முன் வைக்கப்பட்ட கோரிக்கையாக உருவெடுத்தது. மேற்குப் புறத்தில், சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பஷீர் அகமது சயீது, பொது நூலகங்களை அரசின் பொறுப்பில் நிறுவுவதற்கான சட்ட முன்வரைவை அவ்வாண்டில் கொண்டுவந்தார். கிழக்குப் புறத்தில், போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள், உண்ணத்தக்க உணவோடு இரவில் படிக்க விளக்கும் படிப்பதற்கு நூல்களும் வேண்டுமென்று அதே ஆண்டு மே 12 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கினர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்வி: மக்கள் படிப்பதற்கான செலவை ஏற்க வேண்டியவர் யார்? அரசர்களும் வள்ளல்களும் சங்கங்களும் அச்செலவை ஏற்ற காலம் சென்ற பகுதிகளில் கூறப்பட்டது. அது வரியாக மாறிய கதை இப்பகுதியில் இடம்பெறுகிறது.

அந்தமானில் 1858இல் தண்டனைக் குடியேற்றம் அமைந்தது. நாடு கடத்தப்பட்ட கைதிகளைத் தீவில் வைத்து வேலை வாங்கிய அந்த ஏற்பாட்டின் உச்சமாக, 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க இயலாதபடி ஏழு சிறகுகளில் 690க்கும் மேற்பட்ட தனியறைகளைக் கொண்டிருந்தது. 1909 முதல் அங்கு அனுப்பப்பட்ட அரசியல் கைதிகள், வீட்டிலிருந்து வந்த நூல்களைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவாக்கினர் என்பதையும், எழுத்தறியாத பிற கைதிகளுக்கு அங்கேயே எழுத்துக் கற்பிக்கப்பட்டது என்பதையும், 1911 முதல் 1921 வரை அச்சிறையில் இருந்த சாவர்க்கரின் நினைவு நூல் பதிவு செய்கிறது. 1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு அளித்த பரிந்துரைக்குப் பின் அரசியல் கைதிகள் படிப்படியாகத் தாயகத்துச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் வங்காளத்துப் புரட்சி இயக்கம் வலுத்தபோது, 1932இல் அவர்களை மீண்டும் தீவுக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கியது.

1933 மே மாத உண்ணாநோன்பு இவ்வாறு இரண்டாம் முறை அனுப்பப்பட்டவர்கள் நடத்தியது. வலுக்கட்டாயமாக உணவு புகட்டும் முயற்சி தொடர, மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் அதே மாதத்துக்குள் உயிரிழந்தனர். 46 நாள்களுக்குப் பின், ஜூன் 26 அன்று கோரிக்கைகள் பெருமளவு ஏற்கப்பட்டு நோன்பு முடிவுற்றது. அறைகளுக்கு விளக்கு வந்தது, நாளிதழ்களும் நூல்களும் அனுமதிக்கப்பட்டன. பின்னர் கைதிகள் வகுப்புகளாகப் பிரிந்து வரலாறும் பொருளியலும் அரசியலும் படித்தனர். 1935இல் பொதுவுடைமைக் குழுவொன்று அச்சிறைக்குள்ளேயே உருவாகும் அளவுக்கு அப்படிப்பு முறையாக நடந்தது. இந்நிகழ்ச்சியைத் தியாக வரலாறாக மட்டும் எழுதும் வழக்கம் இருப்பதால், அதில் அடங்கிய நூலக வரலாறு பலரின் கவனத்துக்கு வருவதில்லை. நூல்கள் வீடுகளிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் வந்தன; ஆனால் விளக்கும் இடமும் நேரமும் அரசு தந்தாலன்றிக் கிடைக்காதவை. நூல் இருந்தும் விளக்கில்லாத அறையில் வாசிப்பு நடப்பதில்லை. மூன்று உயிர்கள் போன பிறகே ஓர் அரசு இந்த எளிய உண்மைக்கு இணங்கியது.

சிறைக்கு வெளியே, சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் வாழ்ந்த குடியானவருக்கும் இவை அனைத்தும் ஒருங்கே கிடைத்ததில்லை. 1812இல் தோன்றிய சென்னை இலக்கியச் சங்கம் உறுப்பினர்களின் சந்தாவால் நடந்தது. சந்தா நூலகம் எனப்படும் இவ்வகையில், பணம் கட்டியவர்களே படிக்கலாம். 1896 டிசம்பரில் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்கானதே எனினும், அது தலைநகரில் இருந்த ஒற்றைக் கட்டடம். மாவட்டங்களில் வாசிப்பைக் கொண்டுசென்றவர்கள் தனிமனிதர்கள். ஓய்வு பெற்ற பொறியாளரான எஸ்.வி.கனகசபைப் பிள்ளை, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931இல் நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்; அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த குண்டூர்ப் பகுதியில் பாதூரி நாகபூஷணம் 1935இல் கிருஷ்ணா கால்வாயில் படகு நூலகம் ஒன்றை ஓட்டினார். சுயமரியாதை இயக்கமும் பின்னர் திராவிட இயக்கமும் ஊர்தோறும் திறந்த படிப்பகங்கள், அதாவது நாளிதழ்களும் கட்சி ஏடுகளும் சில நூல்களும் வைக்கப்பட்ட சிறு கொட்டகைகள், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்கும் இடங்களாக விளங்கின.

இம்முயற்சிகளின் அருமை பெரிது. ஆயினும் இவற்றுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு: நடத்தியவர் தளர்ந்தால் நூலகமும் தளர்ந்தது. வள்ளல் மறைந்தபின் வண்டி நின்றது, இயக்கம் ஆட்சிக்கு வந்தபின் படிப்பகத்தின் வேகம் குறைந்தது. ஓர் ஊரில் நல்லுள்ளம் கொண்டவர் ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அவ்வூர்ச் சிறுவனுக்கு நூல் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அமையும் ஏற்பாட்டை நிலையான ஏற்பாடு என்று கூற இயலாது.

நிலைத்த வருவாய்க்கு வரியே வழி என்பதை முதலில் சட்டமாக்கிய நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. வில்லியம் எவர்ட் கொண்டுவந்த 1850ஆம் ஆண்டுச் சட்டம், 10,000க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள், வரி செலுத்துவோரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரைப் பென்னி வரை நூலகத்துக்காக வசூலிக்க இடமளித்தது. அப்பணத்தில் கட்டடம் கட்டலாம், ஊழியருக்குச் சம்பளம் தரலாம், நூல் மட்டும் வாங்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் விந்தை. நூல்களைக் கொடையாளர்கள் தருவார்கள் என்று நாடாளுமன்றம் நம்பியது. 1855இல் வரம்பு ஒரு பென்னியாக உயர்ந்து, நூல் வாங்கவும் அனுமதி கிடைத்தது. அச்சட்டத்தை எதிர்த்த கர்னல் சிப்தார்ப் என்னும் உறுப்பினர், தமக்குப் படிப்பென்றாலே பிடிக்காது, ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் பிடித்ததில்லை என்று அவையிலேயே கூறினார். எதிர்ப்பாளர்களுள் மனத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னவர் அவரே எனலாம். உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் தந்த ஆண்ட்ரூ கார்னெகிகூட, கட்டடத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நகர நிர்வாகம் பொதுப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக உறுதி தந்த ஊர்களுக்கே உதவினார். பெருஞ்செல்வர் ஒருவரே தம் கொடையை வரியோடு பிணைத்த செய்தி இது. பரோடாவில் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடும் ஊரார் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசும் மாவட்ட நிர்வாகமும் பணம் தரும் முறையை வகுத்தார். அது சென்ற பகுதியில் விரிவாகக் கூறப்பட்டது.

இவ்வெண்ணங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அப்பணி சலித்துப்போய்க் கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார் என்பது நூலகத் துறையினர் விரும்பிச் சொல்லும் செய்தி. பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, பல்கலைக்கழக நூலகங்களைவிட, கடைச் சிப்பந்தியும் தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் கட்டணமின்றிப் பயன்படுத்திய நகராட்சி நூலகங்களே அவர் மனத்தை மாற்றின. திரும்பி வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமையக் காரணமானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையை, அதாவது ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துக் குறியீடுகளால் இணைத்து அதன் இடத்தை அலமாரியில் வரையறுக்கும் முறையை, வெளியிட்டார்.

பகுப்பு முறையே அவருக்கு உலகப் புகழ் தந்தது. ஆனால் சமூக வரலாற்று நோக்கில் ஐந்து விதிகளுள் இரண்டாவதே கனமானது. நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்னும் பொருள்பட அமைந்த அவ்விதியைக் கணித ஆசிரியருக்குரிய பிடிவாதத்தோடு அவர் கடைசிப் படிவரை கொண்டுசென்றார். ‘ஒவ்வொருவர்’ என்பதில் சிற்றூரில் வாழ்பவரும், பெண்களும், கண் தெரியாதவரும், சிறையில் இருப்பவரும், எழுத்தறியாதவரும் அடங்குவர். எழுத்தறியாதவருக்கு நூலகம் நூலைப் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேருக்கும் சந்தாவால் நூல் தர இயலாது, கொடையால் தந்து கட்டுப்படியாகாது; ஆகவே அரசும் உள்ளாட்சியும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவ்விதியின் முடிவு. 1951இல்கூட இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே என்பதைக் கருதினால், 1931இல் அச்சான இத்தருக்கம் எத்தகைய துணிவு என்பது விளங்கும்.

தருக்கத்தைச் சட்ட வாசகமாக்கி, 1930 டிசம்பரில் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்தார். அதைக் கண்டு வங்காளச் சட்டமன்ற உறுப்பினர் முனீந்திர தேவ் ராய் அடுத்த ஆண்டிலேயே அம்மாகாணத்தில் முயன்றபோது, வரியைக் கட்டாயமாக்கும் பிரிவுகளைத் தளர்த்த வேண்டும் என்று வைஸ்ராயின் அரசு கூறியது. கட்டாயமில்லாத வரி விரும்பினால் தரும் நன்கொடை ஆகிவிடும். எனவே அத்திருத்தம் சட்டத்தின் உயிர்நாடியையே அறுப்பதாக இருந்தது. சென்னையில் பஷீர் அகமது சயீது 1933இல் கொண்டுவந்த முன்வரைவும் சட்டமாகவில்லை. 1937இல் தேர்தல் வழி அமைந்த காங்கிரஸ் ஆட்சியில் மீண்டும் முயற்சி நடந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியதோடு அதுவும் நின்றது.

1946இல் கல்வி அமைச்சரான தி.சு.அவினாசிலிங்கம் காலத்தில்தான் முயற்சி கனிந்தது. கோயம்புத்தூரில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவரும், தமிழ்க் கலைக்களஞ்சியப் பணிக்கு வித்திட்டவருமான அவர், ரங்கநாதனை அழைத்து முன்வரைவைப் பெற்றார். ஓமந்தூர் பி.ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே.

சட்டத்தின் ஆட்சி அமைப்பு எளியது. மாகாணம் முழுமைக்கும் பொது நூலக இயக்குநர் ஒருவர். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், சென்னை நகருக்கும் தனித்தனியே நூலக ஆணைக்குழு. உள்ளூர் நூலக ஆணைக்குழு என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான எல்.எல்.ஏ. என்பதே மக்கள் வழக்கில் நிலைத்தது. சென்னை அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இயங்கும் கட்டடத்தை இன்றும் எல்.எல்.ஏ. பில்டிங் என்றே இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். சட்டத்தின் முதுகெலும்பு அதன் வரிப் பிரிவு. உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரி அல்லது வீட்டு வரியின்மேல் ரூபாய்க்கு ஆறு தம்பிடி வீதம் நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படும். பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற அன்றைய கணக்கில், ஆண்டுக்குப் பத்து ரூபாய் வீட்டு வரி கட்டுபவர் நூலகத்துக்குக் கூடுதலாகத் தந்தது ஐந்து அணா. இவ்வகை வரி மேல்வரி எனப்படும். அதாவது தனியே மதிப்பிட்டு வசூலிக்காமல், ஏற்கெனவே உள்ள வரியோடு ஒட்டிவரும் சிறு கூடுதல். இதற்கென வசூல் அலுவலர் தேவையில்லை, தனி ரசீதும் தேவையில்லை. சென்னை நகர் நீங்கலாகப் பிற மாவட்டங்களில், வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்று சட்டம் விதித்தது. அவ்வரி இன்று ரூபாய்க்குப் பத்துக் காசாக உயர்ந்துள்ளது.

பொது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகையை ஒதுக்கியிருக்கலாமே, தனி வரி எதற்கு என்ற கேள்விக்கு விடை, அரசின் பணப்பெட்டி இறுகும் ஆண்டுகளில்தான் தெரியும். பஞ்சமோ போரோ வந்தால் முதலில் வெட்டப்படுவது நூலகச் செலவு. தனி வரியாக வந்த பணத்தை வேறெதற்கும் செலவிடச் சட்டம் இடம் தராது; வீட்டு வரி வசூலாகும்வரை நூலகத்துக்கும் பணம் வரும். இந்த அரண் சட்டப் புத்தகத்தில் உறுதியாக இருந்ததே தவிர, நடைமுறையில் பலமுறை ஓட்டையாயிற்று. வசூலித்த உள்ளாட்சிகள் பல, அதை ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் தம் செலவுக்கு எடுத்துக்கொண்டு நிலுவை வைத்தன. மக்கள் கட்டிவிட்டார்கள், நூலகத்துக்கு வந்து சேரவில்லை. நூலகச் சட்ட வரலாற்றில் இதைவிட எரிச்சலூட்டும் பகுதி வேறில்லை.

இன்னொரு குறை சட்டத்தின் கணக்கிலேயே இருந்தது. சொத்து வரி மிகுந்த நகரங்கள் உள்ள மாவட்டத்தில் நூலக வரி கொழிக்கும். ஓலை வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் அது சொட்டும். அரசின் ஈட்டுத் தொகையும் வசூலுக்கு ஏற்ப அளக்கப்பட்டதால், மிகுதியாக வசூலித்த மாவட்டத்துக்கே மிகுதியாகச் சேர்ந்தது. நூல் எட்டாத இடத்துக்கு நூலை எட்டச்செய்யும் சட்டம், பணப்பகிர்வில் எட்டிய இடத்துக்கே மேலும் ஊட்டியது. ரங்கநாதனின் இரண்டாம் விதியை முழுதும் ஏற்றிருந்தால், ஏழை மாவட்டத்துக்கு ஈட்டுத் தொகை இரு மடங்கோ மும்மடங்கோ ஆக்கப்பட்டிருக்க வேண்டும்.

இக்குறைகளோடும் சட்டம் விளைத்த மாற்றம் பெரிது. 1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. கல்வி இயக்குநரே நூலக இயக்குநராகவும் இருந்த அக்காலத்தில், 1954இல் அப்பொறுப்புக்கு வந்த நெ.து.சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் பள்ளிகளையும் மதிய உணவையும் ஊர்களுக்குக் கொண்டுசென்ற அதே கையோடு கிளை நூலகங்களையும் கொண்டுசென்றார். 1972இல் பொது நூலகத் துறை தனித் துறையாகப் பிரிந்தது. இன்று அத்துறையின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என 4,600க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. சட்டம் பிறந்தபோது மாகாணத்தில் இருந்த ஆந்திரப் பகுதியும் மலபாரும் பிரிந்துபோன பின்னரும் அதைத் தம்மோடு கொண்டுபோயின. ஆந்திரப் பிரதேசம் 1960இல் தனிச் சட்டம் இயற்றியது. மலபாரில் கேரளம் 1989இல் புதிய சட்டம் இயற்றும்வரை பழைய சென்னைச் சட்டமே நடந்தது.

கேரளத்தின் வழி சற்றே வேறுபட்டது. பி.என்.பணிக்கர் முன்னின்று 1945இல் அமைத்த கிரந்தசாலை சங்கம், ஊரார் தாமே கட்டித் தாமே நடத்தும் நூலகங்களை ஒரு குடையின்கீழ் இணைத்து, அரசின் நிதியுதவியை அவற்றுக்குப் பெற்றுத்தந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வூர் நூலகங்களை அரசு அலுவலகமாக மாற்றிவிடாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக மன்றத்தின் வழியே வரிப்பணத்தை அவற்றுக்குச் செலுத்துகிறது. தமிழ்நாட்டில் நூலகர் அரசு ஊழியர், நூலகம் அரசு நூலகம். அதனால் நிலைபேறு கிடைத்தது, ஊராரின் உரிமையுணர்வு குறைந்தது. வாசகர் வட்டம் என்ற பெயரில் ஊராரை நூலகத்தோடு இணைக்கும் முயற்சிகள் இக்குறையை நிரப்பப் பின்னால் வந்தவையே.

நூலக வரி தமிழ்ப் பதிப்புலகத்துக்குச் செய்தது சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பாராதது. பொது நூலகத் துறை தேர்ந்த நூல்களை நூற்றுக்கணக்கான படிகளாக மொத்தமாக வாங்குவது நூலக ஆணை எனப்படும். கவிதை, சிறுகதை, ஆய்வு போன்ற, கடையில் மெல்ல விற்கும் நூல்களுக்கு அச்சுச் செலவை மீட்டுத் தரும் உறுதி அந்த ஆணையே. அது வராத ஆண்டுகளில் சிறு பதிப்பகங்கள் தடுமாறின, வந்த ஆண்டுகளில் எழுந்தன. ஆணை விலையைத் துறை பாரக் கணக்கில் வரையறுத்தது. ஒரு பெரிய தாளை இரு புறமும் அச்சிட்டு மடித்தால் கிடைக்கும் 16 பக்கங்கள் ஒரு பாரம். நூலில் எத்தனை பாரம் உண்டோ அதற்கேற்ப விலை. எனவே நல்ல தாளும் கட்டுமானமும் கொண்ட நூலுக்கும், மட்டமான தாளில் பெரிய எழுத்தில் பக்கத்தை நிரப்பிய நூலுக்கும் ஒரே விலை கிடைத்தது. ஆணைக்காகவே அச்சாகி, நூலக அலமாரியன்றி வேறெங்கும் காணக் கிடைக்காத நூல்களும் இதனால் பெருகின. இக்கேட்டைச் சுட்டுவோர் பலர்; எனினும் கடந்த அரை நூற்றாண்டில் தமிழில் வெளிவந்த அரிய நூல்கள் பலவற்றின் அச்சுச் செலவில் வீட்டு வரி கட்டியவர்களின் காசும் கலந்திருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்தே எண்ண வேண்டும்.

நூலகத்தைப் பயன்படுத்துவோரும் மாறிவிட்டனர். மாவட்ட மைய நூலகத்தினுள் காலையில் நுழைபவர் முதலில் காண்பது, நாளிதழ் மேசையைச் சுற்றி அமர்ந்த முதியவர்களையும், அதைத் தாண்டி, சொந்தப் பையிலிருந்து எடுத்த வினாத்தாள் தொகுப்புகளை விரித்து வைத்துக்கொண்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும்தான். இவர்களில் பலர் நூலகத்தின் நூலைத் தொடுவதேயில்லை. அவர்களுக்கு வேண்டியது மேசையும் விசிறியும் விளக்கும் அமைதியும். ஒரே அறையுள்ள வீட்டில் நால்வரோடு வாழும் பெண்ணுக்குப் படிப்பதற்கென ஓர் இருக்கை கிடைப்பது, நூல் கிடைப்பதற்குச் சற்றும் குறைந்த நன்மையன்று. நூல் இரவல் எண்ணிக்கையைக் கொண்டே நூலகத்தின் பயனை அளக்கும் அலுவலக வழக்கம் இந்நன்மையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் எழுந்த நூலகக் கட்டடங்களில் பல பின்னர் பூட்டிக் கிடந்தது, இதே செய்தியின் மறுபக்கம்: கட்டடமும் நூலும் ஒருமுறைச் செலவு, கதவைத் திறக்கும் ஆள் ஆண்டுதோறும் ஆகும் செலவு. இங்கிலாந்தின் 1850ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் தந்து நூலுக்குத் தர மறந்தது. இங்கே கட்டடத்துக்கும் நூலுக்கும் தந்து ஆளுக்குத் தருவதில் கை இறுகியது.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் இச்சட்டம் எட்டாத பகுதிகளுள் ஒன்று அந்தமான் நிக்கோபார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைந்து பேர். தாயகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்களும், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். போர்ட் பிளேரில், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்ற அந்நகரில், அரசின் மாநில நூலகம் இயங்குகிறது; ஆயினும் நூலகத்துக்கெனத் தனி வருவாயைச் சட்டப்படி உறுதிசெய்த பகுதிகளின் வரிசையில் இத்தீவுகள் இல்லை.

காரணம் அரசமைப்பிலேயே இருக்கிறது. அரசின் நிதியில் நடக்கும் நூலகங்கள் மாநிலப் பட்டியலின் 12ஆம் பதிவில் வைக்கப்பட்டுள்ளதால், நூலகச் சட்டம் இயற்றுவது சட்டமன்றங்களின் வேலை. அந்தமான் நிக்கோபாரோ சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. பஷீர் அகமது சயீதுபோல் முன்வரைவைக் கையிலேந்தி எழுந்து நிற்க அங்கே அவையே இல்லை. ஆகவே அங்குள்ள நூலகங்கள் நிர்வாகத்தின் ஆண்டு ஒதுக்கீட்டையும், 1972இல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு மைய அரசு நிறுவிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் உதவியையுமே நம்ப வேண்டியுள்ளது.

சென்னைச் சட்டத்தை அப்படியே பெயர்த்து வைத்தாலும் தீவுகளுக்குப் பொருந்தாது. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என மொழிகள் பல. மதுரையின் கிளை நூலகம் ஒரு மொழிக்கு வாங்கும் நூல்களை, குட்வில் எஸ்டேட் போன்ற அந்தமான் சிற்றூரில் அமையும் நூலகம், அதைவிடக் குறைந்த வாசகர்களுக்காகப் பல மொழிகளில் வாங்க வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து, மூன்று நாள் கப்பல் பயணத்தில் அந்நூல்கள் வந்து சேர வேண்டும். இத்தனை சிறு சந்தைக்கு எந்தப் புத்தகக் கடைக்காரரும் தமிழ் நூல்களை வரவழைத்து அடுக்கிவைத்துக் காத்திருக்கமாட்டார். சந்தை கைவிடும் இத்தகைய இடத்திலேயே பொதுப்பண நூலகத்தின் தேவை மிகுதி, வீட்டு வரியின்மேல் சேரும் கூடுதலால் அத்தேவையை நிறைவேற்ற இயலாத நிலையும் மிகுதி. உள்ளூரில் வசூலாகும் தொகை எவ்வளவாயினும், மொழிகளின் எண்ணிக்கைக்கும் கப்பல் கூலிக்கும் ஏற்ப மைய அரசு தன் பங்கைத் தந்தாக வேண்டும் என்று விதிக்கும் ஏற்பாடே அங்கே பொருந்தும். அதற்கான வழியும் அடைபட்டதன்று: அரசமைப்பின் 240ஆம் உறுப்பின்படி இத்தீவுகளுக்குக் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கலாம், 1994ஆம் ஆண்டின் ஊராட்சி ஒழுங்குமுறையும் நகராட்சி ஒழுங்குமுறையும் அவ்வழியே வந்தவை. நூலக ஒழுங்குமுறை ஒன்றும் அவ்வழியே வரக்கூடும். அது வருமாயின் அதன் முதல் வேலை, 1948ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்த பணப்பகிர்வுப் பிழையைத் திருத்துவதாக இருக்க வேண்டும்.

ரங்கநாதனின் ஆலோசனையோடு பாக்கு நீரிணைக்கு அப்பால் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.